கச்சான் வெயிலில் ஒரு டர்போ விதி: ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளுக்கு எஞ்சின் தேர்ந்தெடுத்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

2023 இன் கடைசியில் மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் இருந்து எட்டுப் பேர் ஒன்று சேர்ந்தோம். சக்கரங்கள் வெளியே தெரியும் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளை நாங்களே செய்து, பூட்டிய இடமொன்றில் நேரம் பார்த்து ஓட்டிப் பழகுவதுதான் நோக்கம். கல்லடிப் பக்கம் கராஜ் வைத்திருக்கும் அண்ணன், தொழில்நுட்பம் படிப்பித்து ஓய்வுபெற்ற சேர், சம்மாந்துறைப் பக்கம் அரிசி ஆலை நடத்தும் காக்கா, கல்முனையில் லேத் கடை வைத்திருப்பவர், பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி வான் ஓட்டும் ஒருவர், பொறியியல் படிக்கும் தம்பிமார் இரண்டு பேர், பதிவேடு எழுதிய நான். பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். நடந்தவற்றைப் பதிவேட்டில் உள்ளபடியே எழுதுகிறேன்.

ஓடுகளம் காக்காவின் ஆலையில் நெல் காயவைக்கும் சீமெந்துக் களம். பெரும்போக நெல் பெப்ரவரி, மார்ச்சில் வந்துவிடும். சிறுபோக நெல் ஓகஸ்ட், செப்டெம்பரில் வரும். இடையிலுள்ள மாதங்களில்தான் களம் எங்களுக்கு. களத்தைச் சுற்றி உமி மூட்டைகளை இரண்டடுக்காக அடுக்கினோம். கூம்புகளை வளைத்து வளைத்து வைத்த தடத்தில் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டுவது அபூர்வம்.

சட்டகங்கள் இரும்புக் குழாயில், சாரதியின் தலைக்கு மேலே உருளும் காப்பு வளையத்தோடு அண்ணனின் கராஜில் வெல்டாகின. மிச்சம் இருந்தது எஞ்சின்.

எந்த எஞ்சின்: முதல் விவாதம்

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, எங்கள் பக்கத்தில் கைக்கு எட்டிய எஞ்சின்கள் எல்லாம் ஏற்கெனவே நாட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஜப்பான் சிறு வண்டிகளிலிருந்து கழற்றியவைதான். வாகன்ஆர், எவ்ரி வான் போன்றவற்றின் 658 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு ஒரு கேஸ்கட் தேவைப்பட்டால் கல்முனையிலேயே கிடைக்கும். கிடைக்காவிட்டால் இரவு பஸ்ஸில் கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளிலிருந்து வந்துவிடும். அதே எஞ்சினில் டர்போ, அதாவது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் கூடுதலாகத் தள்ளும் பகுதி, உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. டர்போ உள்ளது 64 குதிரைத் திறன். ஜப்பான் நிறுவனங்கள் இந்த வகை வண்டிகளுக்குத் தங்களுக்குள் வைத்துக்கொண்ட உச்ச வரம்பும் அதுதான். மற்றத் தெரிவு விட்ஸில் வரும் 996 சிசி எஞ்சின். டர்போ கிடையாது, சுமார் 70 குதிரை.

தம்பிமார் டர்போ பக்கம் நின்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. சக்கரம் வெளியே தெரியும் பந்தய வண்டி உலகம் முழுவதுமே டர்போவுக்குத் திரும்பிவிட்டது. அமெரிக்காவின் இன்டிகார் தொடர் 2010 இல் புதிய விதியை அறிவித்து, 2012 இல் 2.2 லிட்டர் வி6 டர்போவோடு ஓடத் தொடங்கியது. ஃபார்முலா 1 இல் 2014 இல் 1.6 லிட்டர் வி6 டர்போ வந்தது. ஃபார்முலா 2 உம் 2018 இல் 3.4 லிட்டர் டர்போவுக்கு மாறியது. இத்தாலிய எஃப்4 தொடரில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள்கூட 1.4 லிட்டர் அபார்த் டர்போவில்தான் பழகினார்கள்.

சேர் எதிர்ப்பக்கம் நின்றார். அவர் எடுத்த உதாரணம் 1977. அந்த வருஷம் சில்வர்ஸ்டனில் ரெனோ முதல் டர்போ ஃபார்முலா 1 வண்டியை இறக்கியது. விதிப்படி சாதாரண எஞ்சினுக்கு 3 லிட்டர், டர்போவுக்கு 1.5 லிட்டர். தொடக்கத்தில் அந்த வண்டி அடிக்கடி புகைவிட்டு நின்றதால் அதற்கு மஞ்சள் கேத்தல் என்று பட்டம் வைத்தார்கள். 1979 இல் டிஜோனில் அதே அணி வென்றது. அதற்குப் பிறகு எல்லோரும் டர்போவுக்கு ஓடினார்கள். தகுதிச் சுற்றுகளில் 1,000 குதிரையைத் தாண்டிய எஞ்சின்கள் வந்தன. விதி எழுதுபவர்கள் பின்னாலேயே ஓடவேண்டியதாயிற்று. 1984 இல் ஒரு பந்தயத்துக்கு எரிபொருள் 220 லிட்டர், 1986 இல் 195 லிட்டர், 1987 இல் அழுத்தம் 4 பாரைத் தாண்டினால் திறக்கும் வால்வு, 1988 இல் 2.5 பாரும் 150 லிட்டரும். 1989 இல் டர்போவையே தடை செய்தார்கள். “கடதாசியில ஒரு விகிதத்தை எழுதிப்போட்டு டர்போவைக் கட்டலாமெண்டு நினைக்காதீங்க தம்பி” என்றார் சேர்.

முடிவு டர்போ பக்கம் சாய்ந்தது. சாய்ந்ததற்கு உண்மைக் காரணத்தை மறைக்காமல் எழுதவேண்டும். அண்ணனும் வான்காரரும் ஏற்கெனவே ஆளுக்கொரு டர்போ எஞ்சின் வாங்கி வைத்திருந்தார்கள். வான்காரர் அதற்காகப் பல மாதம் சேமித்திருந்தார். கையிலிருந்த பொருளுக்கு ஏற்ப விதியை எழுதினோம். அது சரியான வழி என்று இப்போது நான் நினைக்கவில்லை.

முதல் விதி

2024 ஜனவரியில் எழுதியது இது. டர்போ எஞ்சின் 660 சிசிக்குள் இருக்கவேண்டும். டர்போ இல்லாதது 1,122 சிசிக்குள். சர்வதேச மோட்டார் சம்மேளனம் பெற்றோல் டர்போ எஞ்சினின் கொள்ளளவை 1.7 ஆல் பெருக்கி ஒப்பிடும். 660 ஐப் பெருக்கினால் 1,122. பூஸ்ட், அதாவது டர்போ கூட்டும் காற்றழுத்தம், 0.8 பாரைத் தாண்டக்கூடாது. அதை வண்டியிலுள்ள அழுத்தம் காட்டும் கேஜில் பார்ப்போம். எரிபொருள், பெற்றோல் செட்டில் அடிக்கும் சாதாரண பெற்றோல் மட்டும்.

கேஜை எந்த இடத்தில் இணைக்கவேண்டும் என்று ஒரு வரி எழுதவில்லை. அழுத்திய காற்றை ஆற்றும் இன்டர்கூலர் எங்கே இருக்கவேண்டும் என்றும் எழுதவில்லை. கியர்பெட்டி பற்றியும் யோசிக்கவில்லை. முன்சக்கர இழுவை எஞ்சினைக் கியர்பெட்டியோடு அப்படியே தூக்கிச் சாரதிக்குப் பின்னால் வைப்பதுதான் திட்டம். ஆனால் டர்போ வண்டிகளில் பெரும்பாலும் தானியங்கிப் பெட்டிதான் வருகிறது. கையால் மாற்றும் பெட்டிகளைத் தேடிப் பிடிக்கவே ஆறு கிழமை போனது.

ஏப்ரல்

முதல் ஓட்டம் ஏப்ரல் முதல் வாரம், காலை ஏழு மணிக்கு. இரண்டு டர்போ வண்டிகளும் தம்பிமாரின் 996 சிசி வண்டியும் ஓடின. எல்லாம் ஒழுங்காக ஓடின. ஆனால் சுற்று நேரம் எங்களை யோசிக்க வைத்தது. டர்போ இல்லாத வண்டி ஒரு சுற்றுக்கு ஒன்றரை நொடி முந்தியிருந்தது.

காரணம் விளங்கக் கஷ்டமில்லை. டர்போவைச் சுழற்றுவது எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் விசை. குறுகிய களத்தில் வளைவுக்கு வளைவு கால் எடுக்கும்போது சுழற்சி நிமிடத்துக்கு 3,000 க்குக் கீழே விழுந்துவிடும், புகையும் குறைந்துவிடும். திரும்ப மிதித்தால் டர்போ விழிக்க ஒரு கணம் ஆகும். விழிக்கும்போது பலம் ஒரேயடியாக வந்து பின்சக்கரம் வழுக்கும். வான்காரர் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். வளைவின் நடுவிலேயே மெதுவாக மிதிக்கத் தொடங்கி, பலம் வரும்போது வண்டியை நேராக்கிக்கொள்வார். எங்களில் நல்ல கை அவருடையதுதான்.

ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை ஃபாக்ஸ் ஹில் பந்தயத்தில் வண்டியொன்று தடத்தை விட்டுப் பார்வையாளர்கள் மீது பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். எங்களில் மூன்று பேர் முந்திய காலங்களில் அதே மேட்டில் நின்று பார்த்தவர்கள். மே நடுப்பகுதி வரை வண்டியைத் தொடவில்லை. திரும்பக் கூடியபோது இரண்டு முடிவுகள் எடுத்தோம். ஓட்டுபவரையும் கொடி பிடிப்பவரையும் தவிர ஒருவரும் உமி மூட்டைக்கு உள்ளே நிற்கக்கூடாது. பார்க்க வருபவர்கள் ஆலைக் கட்டடத்தின் மாடியில் மட்டும். அடுத்து, எந்த வண்டி எவ்வளவு பலம் எடுக்கிறது என்பது எங்களுக்கு உறுதியாகத் தெரியவேண்டும். இரண்டாவது முடிவை எழுதினோமே தவிர, அதை எப்படி உறுதிசெய்வது என்று அப்போதும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஜூலை: உடைந்த பிஸ்டன்

கச்சான் அடிக்கும் காலத்தில் எங்கள் பக்கத்து வெயில் எப்படியென்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேற்கிலிருந்து வரும் அந்தக் காய்ந்த காற்றில் களத்துச் சீமெந்து கால் வைக்க முடியாமல் கொதிக்கும். ஜூலை நடுவில் ஒரு நாள் காலை ஓட்டம் பிந்தி, பதினொரு மணிக்குத்தான் தொடங்கியது. நிழலில் 35 பாகை.

டர்போவுக்கு வெப்பம் ஏன் எதிரி என்பதை இங்கே சற்று விரித்துச் சொல்கிறேன். காற்றை அழுத்தினால் அது சூடாகும். 35 பாகைக் காற்றை 0.8 பார் பூஸ்டுக்கு அழுத்தினால், டர்போவில் காற்றை அழுத்தும் பகுதியான கம்பிரசர் 65 சதவீதத் திறனோடு வேலை செய்தாலும் காற்று 120 பாகையைத் தாண்டி வெளியே வரும். அதை ஆற்றுவதற்குத்தான் இன்டர்கூலர். எங்கள் இரண்டு வண்டிகளிலும் அதை எஞ்சினுக்குப் பின்னால், சாரதியின் முதுகு காற்றை மறைக்கும் இடத்தில் பொருத்தியிருந்தோம். களத்து வேகத்தில் அங்கே காற்றோட்டமே இல்லை. காலை ஏழு மணி ஓட்டங்களில் இது வெளியே தெரியவில்லை. சூடான காற்றும் 92 ஒக்டேன் பெற்றோலும் சேர்ந்தால் தீப்பொறி மூட்டிய சுவாலை வந்து சேருமுன்பே மிச்ச எரிபொருள் தானாக வெடிக்கும், அதாவது நொக்கிங். அன்றைக்கு 95 ஒக்டேன் கிடைக்காததால் 92 தான் அடித்திருந்தோம்.

வான்காரரின் வண்டி ஒன்பதாவது சுற்றில் நீலப் புகை விட்டு நின்றது. கராஜில் திறந்தபோது நடு சிலிண்டரின் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்திருந்தது.

அண்ணனின் வண்டியும் அதே வெயிலில், அதே பெற்றோலில், அதே எஞ்சினோடு ஓடியது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அங்கேதான் பேச்சுத் தொடங்கியது. அன்று வான்காரரின் வண்டி நேர்கோட்டில் வழமையைவிட வேகமாக இருந்ததை எல்லோரும் பார்த்திருந்தோம். பூஸ்டைக் கூட்டியிருக்கிறார் என்று ஒருவர் சொன்னார், இன்னொருவர் தலையாட்டினார். “ஊசி எட்டுக்கு மேல போகல்ல. என்ட கண்ணால பார்த்துக்கொண்டுதான் ஓடினன்” என்று வான்காரர் திரும்பத் திரும்பச் சொன்னார். அன்று இரவு பதிவேட்டில் நான் எழுதிய வரி: “பூஸ்ட் வரம்பு மீறப்பட்டதால் எஞ்சின் சேதம்.” ஒரு பரிசோதனையும் செய்யாமல் எழுதிய வரி அது.

சவர்க்கார நுரை

நான்கு நாள் கழித்து சேர் கராஜுக்கு வந்தார். கையில் டயர் ஒட்டும் கடையில் வைத்திருப்பது போல ஒரு வாளி சவர்க்காரத் தண்ணீர். டர்போவிலிருந்து வேஸ்ட்கேட்டுக்கு (புகையின் ஒரு பங்கைத் திருப்பிவிட்டு பூஸ்டைக் கட்டுப்படுத்தும் கதவு) போகும் ஹோஸை முழுதாகக் கழற்றாமல், அதன் ஒரு முனையில் பம்பை மாட்டி 0.8 பாருக்குக் காற்றடித்து, நுரையைத் தடவினார். கேஜுக்குப் பிரியும் இணைப்புக்கு ஒரு விரல் முன்னால், வெளியே கண்ணுக்குத் தெரியாத வெடிப்பிலிருந்து குமிழ் குமிழாக வந்தது.

வேஸ்ட்கேட் தன்னிடம் வந்து சேரும் அழுத்தத்தைப் பார்த்துத்தான் திறக்கும். ஹோஸ் கசிந்தால் அதற்கு உண்மையைவிடக் குறைந்த அழுத்தமே வந்து சேரும், அதனால் பிந்தித் திறக்கும். அதற்குள் எஞ்சினுக்குள் பூஸ்ட் வரம்பைத் தாண்டிவிடும். கேஜும் அதே ஹோஸில், வெடிப்புக்கு அப்பால் இணைக்கப்பட்டிருந்ததால், ஊசியும் வேஸ்ட்கேட் பார்த்த அதே பொய்யைத்தான் காட்டியது. வான்காரர் சொன்னது முழுக்க உண்மை. ஊசி எட்டுக்கு மேல் போகவில்லை. எஞ்சினுக்குள் எவ்வளவு போனது என்பதை எவராலும் இனிச் சொல்ல முடியாது.

அன்று மாலையே அண்ணன் அவருக்குப் போன் எடுத்துச் சொன்னார். நானும் பேசி மன்னிப்புக் கேட்டேன். “சரி, பரவாயில்ல” என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

மூன்று வழிகள்

ஓகஸ்டில் களம் முழுக்க சிறுபோக நெல். ஓட்ட முடியாத அந்த இரண்டு மாதமும் எங்களுக்கு யோசிக்கக் கிடைத்தது. டர்போவை விடவேண்டுமா என்று முதலில் கேட்டோம். அண்ணன் விடச் சம்மதித்தார், தம்பிமார்தான் வேண்டாம் என்றார்கள். பழுதானது அளவிட்ட முறை, அதை மாற்றிப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்றார்கள். சேரும் அதை ஏற்றுக்கொண்டார்.

முதல் வழி, ஃபார்முலா 1 1987 இல் வைத்தது போன்ற அழுத்த வால்வு. எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரி வால்வு செய்து முத்திரை வைக்கவேண்டும். செலவு ஒருபுறமிருக்க, எங்களுக்கு நடந்தது போல வேறிடத்திலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் கார்ட் தொடரில் 2001 இல் இந்த வால்வைப் பற்றிப் பெரிய சர்ச்சை வந்தது. வால்வு உட்காரும் இடத்தில் காற்று ஓடும் விதத்தால் அங்கே மட்டும் அழுத்தம் குறைவாகத் தெரிகிறது என்பதே குற்றச்சாட்டு. அழுத்தத்தை எந்த இடத்தில் அளக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இரண்டாவது வழி, 2014 ஃபார்முலா 1 போல எரிபொருள் ஓட்டத்தை அளப்பது. அங்கே மணிக்கு 100 கிலோகிராம் வரம்பு. அந்த ஆண்டின் முதல் பந்தயத்திலேயே, மெல்பர்னில் இரண்டாவதாக வந்த வண்டி இந்த மீட்டர் பிணக்கில் தகுதி இழந்தது. அப்படிப்பட்ட மீட்டர் எங்கள் வசதிக்கு எட்டாது.

மூன்றாவது வழி, கம்பிரசரின் வாயில் ஒரு குறுகிய புனல் வைப்பது. மாணவர்கள் வண்டி செய்யும் ஃபார்முலா ஸ்டூடன்ட் போட்டியில் பெற்றோல் எஞ்சின்களுக்கு 20 மில்லிமீட்டர் துளை விதி. துளையின் கழுத்தில் காற்று ஒலியின் வேகத்தை எட்டியதும், அதற்கு மேல் எவ்வளவு உறிஞ்சினாலும் கூடுதலாக ஒரு கிராம்கூடப் போகாது. பூஸ்டைக் கூட்டினாலும் உச்சப் பலம் ஏறாது. ஹோஸ் வெடித்தாலும் ஏறாது. அளப்பதற்கு ஒரு இரும்புக் கம்பி போதும்.

சேர் இதையும் கேள்வி கேட்டார். 1995 இல் கட்டலோனியா ரலியில் டொயோட்டா அணி இதே மாதிரித் துளையைச் சுற்றிக் காற்றெடுக்கும் தந்திரம் செய்து பிடிபட்டு, ஒரு வருஷம் வெளியேற்றப்பட்டது. அதனால் இன்னொரு சோதனையையும் சேர்த்தோம். எஞ்சின் வெறுமனே ஓடும்போது புனலின் வாயை றப்பர் தட்டால் அடைத்தால், எஞ்சின் உடனே நிற்கவேண்டும். நிற்காவிட்டால் வேறெங்கோ காற்றெடுக்கிறது.

17 மில்லிமீட்டர்

அளவைத் தம்பிமார் கணக்கிட்டார்கள். 20 மில்லிமீட்டர் துளையில் நொடிக்குச் சுமார் 72 கிராம் காற்று போகும். 17 என்றால் 52 கிராம், 35 பாகை வெயிலில் 50 கிராம். ஒரு குதிரைக்கு நொடிக்கு முக்கால் கிராம் காற்று என்ற பொதுக் கணக்கில் சுமார் 67 குதிரை. கழற்றி வந்தபோது அந்த எஞ்சினுக்கு இருந்த 64 க்கு மிக அருகில். ஒழுங்கான எஞ்சினுக்கு இடைஞ்சல் இல்லை, அதற்கு மேல் எடுக்க வழியும் இல்லை. அதனால் 17.

லேத் கடைக்காரர் அலுமினியத்தில் மூன்று புனல்கள் கடைந்தார். கழுத்துக்குப் பிறகு மெல்ல மெல்ல விரியவேண்டும், சட்டென்று விரிந்தால் காற்று சுழன்று அழுத்தம் வீணாகும். முதலாவதைச் சட்டென்று விரித்துக் கடைந்து எறிந்துவிட்டோம். சரிபார்க்க இரண்டு உருக்குக் கம்பிகள். 17.0 கம்பி உள்ளே போகவேண்டும், 17.1 போகக்கூடாது.

கூடவே இன்டர்கூலரைப் பக்கவாட்டுக்கு மாற்றி, முன்னால் வாய் திறந்த தகரக் குழாயும் சிறு மின்விசிறியும் பூட்டினோம். கேஜ் நேராக எஞ்சினின் உள்வாய்க் குழாயில் ஏறியது. எல்லா ஹோஸ்களும் புதிது. ஒவ்வொரு ஓட்ட நாளும் முதல் வேலை நுரைச் சோதனை.

பிறகு நடந்தது

செப்டெம்பர் கடைசியிலிருந்து மழை தொடங்கும் வரை நான்கு நாட்கள் ஓட்டினோம். வேண்டுமென்றே இரண்டு நாட்களை நண்பகலில் வைத்தோம். எஞ்சின் ஒன்றும் உடையவில்லை.

நாங்கள் எதிர்பாராதது ஒன்று இருந்தது. உயர் சுழற்சியில் காற்றின் வெப்பம் புனலால் குறையவில்லை, சற்றுக் கூடியது. யோசித்தால் காரணம் எளிது. புனலுக்குப் பின்னால் அழுத்தம் விழுகிறது. அந்த மெல்லிய காற்றை அதே 0.8 க்கு உயர்த்தக் கம்பிரசர் அதிகம் உழைக்கவேண்டும், அதிகம் உழைத்தால் அதிகம் சூடு. எங்களைக் காப்பாற்றியது இன்டர்கூலரின் புதிய இடம்தான். புனல் செய்தது பலத்துக்குக் கூரை போட்ட வேலை மட்டும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றியிருந்ததால், எது எதைச் செய்தது என்று பிரித்தறிய இரண்டாவது நாள் பழைய இடத்தில் இன்டர்கூலரை வைத்துத் திரும்ப ஓட்டவேண்டியிருந்தது.

காலையில் டர்போ வண்டி 996 சிசி வண்டிக்கு அரை நொடி பின்னால் வந்தது. நண்பகலில் இடைவெளி ஒரு நொடிக்கு மேல் போனது. கேஜின் 0.8 வரம்பையும் வேஸ்ட்கேட்டின் ஈய முத்திரையையும் விடாமல் வைத்திருக்கிறோம். நடுச் சுழற்சியில் புனல் அடைபடுவதற்கு முன் பூஸ்டைக் கூட்டினால் முறுக்குவிசை கூடும், பிஸ்டனுக்கு அதே ஆபத்துத்தான். இப்போதைய விதி: 660 சிசி டர்போ மட்டும், 17 மில்லிமீட்டர் புனல், முத்திரையிட்ட வேஸ்ட்கேட், 95 ஒக்டேன். அது கிடைக்காத நாளில் டர்போ ஓடாது. 996 சிசி வண்டி புதிதாகப் பழகுபவர்களுக்கு.

மாற்றிச் செய்ய வேண்டியவை

எஞ்சின் வாங்குவதற்கு முன்பே விதி எழுதப்பட்டிருக்கவேண்டும். அதைவிட முந்தி, கியர்பெட்டி கிடைக்குமா என்று பார்த்திருக்கவேண்டும். முதல் ஓட்டத்தைக் காலைக் குளிர்ச்சியில் வைத்தது தவறு. வருஷத்தின் மோசமான வெயிலில், மோசமான மணியில் வைத்திருந்தால் இன்டர்கூலரின் குறை ஏப்ரலிலேயே தெரிந்திருக்கும். பூஸ்ட் வரம்பை எழுதியபோதே அதை அளக்கும் இடத்தையும் எழுதியிருக்கவேண்டும்.

பதிவேட்டில் இப்போது இரண்டு பத்திகள் வைத்திருக்கிறேன். ஒன்றில் கண்டது மட்டும். மற்றதில் நினைப்பது, அதுவும் பரிசோதனை முடிந்த பிறகு. ஜூலை மாத வரியை அழிக்கவில்லை. அதன் மேல் கோடிட்டு, பக்கத்தில் ஹோஸ் வெடிப்பின் அளவையும் சேர் சோதித்த திகதியையும் எழுதியிருக்கிறேன்.

வான்காரர் திரும்ப வரவில்லை. ஒக்டோபரில் அண்ணன் வேறொரு எஞ்சினிலிருந்து பிஸ்டன் எடுத்து அவருடையதைச் செய்து முடித்து, புனலும் பூட்டி, வந்து ஓட்டிப் பார்க்கச் சொல்லி அழைத்தார். “பார்ப்பம் அண்ணன், மறுகா” என்றாராம். அவருடைய சட்டகம் கராஜின் பின்சுவரோடு தறப்பாளால் மூடி நிற்கிறது. அதன் ஓட்ட இலக்கத்தை வேறொருவருக்கும் கொடுக்கவில்லை.